புவடைன்னா இன்னா?

தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க இன்று ஆரணிக்குப் போயிருந்தோம். கூடவே என் மகள் நிலா. நாலாம் வகுப்பு. எழுத்துகள் அவளுக்கு இடம் மாறித் தெரியும். பயிற்சிக்குப் போகிறாள்; ஒவ்வொரு எழுத்தாக விரல் நீட்டித்தான் படிப்பாள்.

கடையில் புதிதாக மாட்டியிருந்த பெரிய பலகையைப் படிக்கத் தொடங்கினாள். "ப... ட்... டு..."

கடைக்காரர் சிரித்தார். "ஜல்தியா படி பாப்பா. நீ முடிக்கறதுக்குள்ள கடைய மூடிடுவோம் போல கீதே!"

எனக்குச் சுருக்கென்றது.

நிலா திரும்பினாள். "அம்மா, புவடைன்னா இன்னா?"

வழக்கம்போல எழுத்தை மாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். "புடவைடி."

"இல்லம்மா. பு, வ, டை."

நிமிர்ந்து பார்த்தேன்.

'பட்டுப் புவடைகள்.' ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "மாட்டி ஒரு மாசம் ஆவுது. ஒருத்தரும் சொல்லலயே!"

"எல்லாரும் ஜல்தியா படிச்சிட்டாங்க போலண்ணே" என்றேன்.

கிளம்பும்போது புதிதாக அச்சடித்த கடை அட்டையை நிலாவிடம் நீட்டினார். குரல் இறங்கியிருந்தது. "பாப்பா, இதையும் ஒருவாட்டி எழுத்துக் கூட்டிப் பாரும்மா."

உங்கள் ஊரில் யாராவது புதுப் பலகை மாட்டியிருக்கிறார்களா? சொல்லுங்கள், அழைத்து வருகிறேன். அவசரப்படுத்த மட்டும் கூடாது.