மொட்டைத் தலையில் பெய்த பனி

போன வாரம் பல் டாக்டரின் வரவேற்பறைச் சுவரில் ஒரு படம். பனி பெய்யும் ஏதோ ஒரு பெருநகரம். கிட்டப் போனால் வெறும் தீற்றல்கள். தள்ளி நின்றால் குதிரை வண்டி, விளக்கு, குடை. தள்ளித் தள்ளி நின்று, பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாவின் காலை மிதித்துவிட்டேன். "பல்லு வலியா, கண்ணு வலியாங்க?" என்றார். இரண்டும் இல்லை, திடீரென்று இருபத்திரண்டு வயது வந்துவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வயதில் இப்படி ஒரு படத்தை நானே வரைந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். என் பாவா, அக்கா வீட்டுக்காரர், திருத்தணி மலையடிவாரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். முடி இறக்கிய குடும்பங்கள் தலையில் பூசிய சந்தனம் காய்வதற்குள் அங்கே வந்து நிற்கும். அவர்களுக்குப் பின்னால் தொங்கவிட ஒரு திரை வேண்டும். மற்ற ஸ்டுடியோக்களில் அருவி, தாஜ்மகால். நான் பனி நகரம் அச்சிட்ட ஒரு பழைய காலண்டர் தாளை நீட்டினேன்.

"இன்னாடா இது, ஒருத்தனுக்கும் மூஞ்சி இல்ல?"

"குளிர்ல மூஞ்சி தெரியாது பாவா."

குளிரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மார்கழி விடியல் பனியில் மலைப்படிகள் மறைகிற அளவுக்குத்தான். ஆனால் அந்தத் தாளில் பகலிலேயே விளக்கு எரிந்தது. வானம் கத்தரிப்பூ நிறத்தில் கூரைகள்மேல் இறங்கியிருந்தது. நிழல்கூட நீலம். எல்லோரும் வீட்டுக்கு விரைகிறார்கள்; காலடிச் சத்தமே இல்லை. பார்க்கப் பார்க்க, ஆனி வெயிலில் எனக்கு முதுகு சிலிர்த்தது.

பாவா ஒரு நிபந்தனை போட்டார். "ஆடிக் கிருத்திகைக்கு மாட்டுறேன். ஜனம் பாத்து சிரிச்சிதுன்னா, திருவிழா முடிஞ்ச கையோட பொதட்டூர்பேட்டைக்குப் போயி உங்க நைனாவோட தறியப் பாரு." பவர்லூம் சத்தம் நினைவுக்கு வந்தாலே எனக்குக் காய்ச்சல் அடிக்கும்.

எங்கள் தறியில் அறுத்த துணியிலேயே வரைந்தேன், கஞ்சி போகத் துவைக்காமல். நெசவாளி வீட்டுப் பிள்ளை செய்கிற காரியமா அது? அவசரம். வெள்ளையை அப்பு அப்பென்று அப்பினேன்.

கிருத்திகையன்று முதலில் வந்தவர்கள் ஆர்.கே.பேட்டைக் குடும்பம். ஐந்து மொட்டைகள், ஈரச் சந்தனம். என் நகரத்துத் தெருவில் விறைப்பாக நின்றார்கள்; போட்டோவுக்குச் சிரிப்பது அப்போது மரியாதை இல்லை. புழுக்கம் தாங்காமல் பாவா மின்விசிறியைப் போட்டார். திரை படபடத்தது. பனி பெய்தது.

நிஜமாகவேதான். கஞ்சியோடு பெயர்ந்த வெள்ளை, செதில் செதிலாக ஐந்து தலைகளிலும் வந்து ஒட்டியது. அந்த வீட்டம்மா மொட்டையைத் தடவிப் பார்த்தார். "இன்னாங்க, உள்ளாறயே பேஞ்சிகினு கீது?" ஒருவர் தலையை ஒருவர் பார்த்தார்கள். ஐவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நான் மனதுக்குள் பெட்டி கட்டிவிட்டேன். பாவா என்னை முறைத்தார். முறைத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார்.

மறுநாள் அந்தப் படம் கடை வாசல் கண்ணாடிக்குள் ஏறியது. அதன் முன்னால் ஒரே கூட்டம். "எங்களுக்கும் அதே மாதிரி தலைல கொட்டணுங்க." பாவா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "திரைக்குப் பின்னால நில்லு. நான் 'ஆங்'னா தட்டு."

ஆங். தட்டு. ஆங். தட்டு. தறிப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. திருவிழா முடிவதற்குள் வானம் போயிற்று. தைக்குள் விளக்கும் குதிரையும் போயின.

இப்போது அங்கே செல்போன் கடை. பாவாவும் இல்லை. என் நகரமோ, மொட்டை மொட்டையாகப் பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறி, ஊர் ஊராக இறங்கி, மறுநாள் காலைக் குளியலில் சந்தனத்தோடு கரைந்து போனது.