குடிக்காமல் வைத்த காபி

ஆயித், கோர் பள்ளத்தாக்கின் தக்காளியை அம்மான் நகரத்துச் சந்தைக்கு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர். வெயிலில் பாதிச் சரக்கு வழியிலேயே கூழாகிவிடும். விவசாயி தலையில் அடித்துக்கொள்வான். சந்தைக்காரன் விலையைக் கண்டபடி குறைப்பான். குளிர்பதன லாரிகள் விட்டால் இந்தக் கூத்து நின்றுவிடும் என்று ஆயித்துக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டிருந்தால் நிம்மதியாகவாவது இருந்திருப்பான்.

முதல் போட ஆள் தேடி அம்மானில் கண்ணாடி அலுவலகங்களாக ஏறி இறங்கினான். அங்கிருந்த பிள்ளைகள் செயலி எங்கே என்றார்கள். தக்காளி எங்கே விளைகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. தக்காளி தெரிந்த ஆளிடம் போய்ப் பேசுங்கள் என்று மனைவி நூஃபா எரிந்து விழுந்தாள்.

அப்படிப்பட்ட ஆள் ஷேக் ஸத்தாம்தான். ஆயித்தின் குலத்துப் பெரியவர், வியாபாரத்தில் புலி, சந்தையில் பாதிக் கடைகள் அவருடையவை. விஷயம் இன்னது என்று ஆயித் முன்கூட்டியே ஆள்விட்டுச் சொன்னான். லாரித் தொழிலில் சரிபாதிப் பங்கு கேட்க வேண்டும் என்று வீட்டில் பேசிப் பேசிப் பழகிக்கொண்டான்.

ஷேக்கின் கூடம் நிறைய ஊர்ப் பெரியவர்கள் இருந்தார்கள். காபி வந்தது. ஆயித்துக்குப் பழகி வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. அந்தப் பதற்றத்தில்தான் அந்த மடத்தனத்தைச் செய்தான். காபியைக் குடிக்காமல் கிண்ணத்தைக் கீழே வைத்தான். பெண் கேட்டு வருகிறவனும், கொலைப்பழிக்கு மன்னிப்புக் கேட்டு வருகிறவனும் செய்கிற காரியம் அது. வைத்துவிட்டால், கேட்டதைத் தராமல் அனுப்புவது வீட்டுக்காரருக்கு அவமானம்.

ஷேக் கிண்ணத்தைப் பார்த்தார். என்ன வேண்டும் என்றார். தக்காளிக்குக் குளிர்பதன லாரி என்றான்.

"காபியக் குடிப்பா. கேட்டது கெடச்சாச்சு."

கூடமே ஷேக்கின் தாராளத்தை வாழ்த்தியது. ஆயித்துக்குக் கண் கலங்கியது, பாவம்.

அடுத்த வாரம் பழைய குளிர்பதன லாரி ஒன்று வந்தது. அவ்வளவுதான். பங்கைப் பற்றிக் கேட்க ஆயித் ஷேக்கிடம் போனான்.

"நீ ஆள்விட்டுச் சொன்னப்பவே எனக்குப் புடிச்சுப்போச்சு," என்றார் ஷேக். "பேரம் பேச வருவேன்னுதான் உக்காந்திருந்தேன். பாதி குடுத்திருப்பேன். நீ எல்லாருக்கும் முன்னால கை நீட்டிட்ட. கை நீட்டுறவனுக்குக் குடுக்கலாம்பா. அவனோட கூட்டு சேர முடியுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததாக ஊர் சொல்லும். எனக்கு வயிறு எரிகிறது. அவனுடைய யோசனையை எடுத்துக்கொள்ள மட்டும் எந்த மரபும் குறுக்கே நிற்கவில்லையே. அந்தக் கோடையிலேயே ஷேக்கின் மருமகன் வரிசையாகப் புது லாரிகளை இறக்கினான். ஆயித்தின் கிழட்டு லாரி குளிரூட்டும் இயந்திரம் கெட்டு வீட்டு வாசலில் நின்றது. இப்போது ஆயித் அந்த மருமகனிடம் சம்பளத்துக்கு ஓட்டுகிறான்.

தக்காளி ஏற்றும்போது ஒரு விவசாயி அவனிடம் பேச்சுக் கொடுத்தான்.

"ஷேக் ஒனக்கு லாரியே சும்மா தூக்கிக் குடுத்தாராமே. குடுத்துவச்சவன்யா நீ."

"ஆமா," என்றான் ஆயித். "அல்லா அவருக்கு நீண்ட ஆயுசு குடுக்கட்டும்."

வேறெதுவும் சொல்ல அவனுக்கு வழியில்லை.