மேற்கே நகர்ந்த கழிவறை

“14.8.2022, ஞாயிறு, கீரனூர். காலை 10.40: பீங்கான் வடக்கு. 10.52: வடமேற்கு. 11.05: மேற்கு, அதாவது கிப்லா. வீடு நகரவில்லை. நானும் நகரவில்லை.”

என் டைரியில் இருக்கும் இந்தக் குறிப்பால் என் தம்பி மனைவிக்கு ஒரு வீடு இல்லாமல் போயிற்று. அதற்கு நான் மட்டும் காரணமில்லை. இரண்டு கருவிகளும் காரணம். ஒன்று, போனைச் செருகிக் கண்ணில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் டப்பா. இன்னொன்று, போன் இல்லாமல் தானாகவே இயங்கும் விலையுயர்ந்த ஹெட்செட். எது மேல் என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் நேரம் குறித்துச் சோதித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒன்று தள்ளாடும் குடிகாரன், மற்றது தெளிவாகப் பேசும் பொய்யன்.

தம்பி குவைத்தில் இருக்கிறான். அவன் மனைவி திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கீரனூரில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் போய்வருகிறார். நாங்கள் ஜெகதாப்பட்டினத்துப் பக்கம். நான் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுப் புதுக்கோட்டையில் இருக்கிறேன். அந்த மாடிப் போர்ஷனில் கழிவறை கீழே, வீட்டுக்காரரோடு பொது. பதினோரு வருடம் அப்படி இருந்தவருக்குச் சொந்த வீடு என்பது ஆசை அல்ல, தேவை.

திருச்சி ரோட்டை ஒட்டி ஒருவர் மனை பிரித்து, வீடு கட்டிக் கொடுப்பதாக விற்றுக்கொண்டிருந்தார். மூலை மனை ஒன்று பாக்கி இருந்தது. கிழக்கிலும் தெற்கிலும் ரோடு. போய்ப் பார்த்தோம். கருவேல் வெட்டிய தரையும் சுண்ணாம்பு அடித்த கல்லும்தான் இருந்தன. வீடு எப்படி வரும் என்பதைப் பார்க்க ஒரு லிங்க்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்தார்கள். வாசல் கிழக்கே வருமா, தெற்கே வருமா என்று அங்கிருந்த ஆளிடம் கேட்டேன். பிளானில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிளானில் வடக்குக் குறி இல்லை. அதைச் சொன்னதற்கு, வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். இன்றுவரை அனுப்பவில்லை.

இந்த மாவட்டத்தில் ஆயிரம் வருடத்துக் கல்வெட்டுகூட ஒரு துண்டு நிலத்தைக் கொடுக்கும்போது கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று நாலு பக்கமும் சொல்லித்தான் கொடுக்கிறது. எங்கள் அத்தா எழுதிய கிரயப் பத்திரத்திலும் இன்னாருடைய மனைக்கு மேற்கு, பாதைக்கு வடக்கு என்று இருக்கிறது. கண்ணுக்குள் வீட்டையே கொண்டுவந்து நிறுத்தும் கருவிக்கு மட்டும் வடக்கு எது என்று தெரியாது. அது அன்று எனக்கும் தெரியாது.

திசை ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழுகைக்கு நாங்கள் முகம் திருப்பும் திசை கிப்லா. நம் பக்கத்தில் அது மேற்கு, சற்று வடக்கே சாய்ந்தது. கழிவறையில் உட்காருகிறவர் அந்தத் திசைக்கு முகமும் காட்டக்கூடாது, முதுகும் காட்டக்கூடாது. அந்த லிங்க்கில் காட்டிய மாதிரி வீட்டில், வாசலில் நுழைந்து நேரே எந்தத் திசையில் நடப்போமோ அதே திசையைப் பார்த்துத்தான் கழிவறைப் பீங்கானை வைத்திருந்தார்கள். வாசல் தெற்கே என்றால் பீங்கான் வடக்கு பார்க்கும், குற்றமில்லை. வாசல் கிழக்கே என்றால் பீங்கான் மேற்கு பார்க்கும்.

தம்பி குவைத்தில் அந்த விலையுயர்ந்த ஹெட்செட்டை வாங்கிவைத்திருந்தான். அதே லிங்க்கை அதில் போட்டு, வீடு முழுக்க நடந்து பார்த்தானாம். பார்த்த அன்றே அக்காவான எனக்குப் போன் செய்தான்.

“லாத்தா, நான் உள்ள போயி நின்னு பாத்துட்டேன். கக்கூஸு நேரா கிப்லாவப் பாத்து இருக்கு. இந்த வீடு வேணாம்.”

இல்லை, வடக்கு பார்த்துத்தான் இருக்கிறது என்றார் அவன் மனைவி. டப்பாவில் பார்த்திருந்தார். ஒரு வாரம் இதே சண்டை. காய்கறிக் கடையில் போனைப் பொட்டலம் கட்டிக் கொடுத்ததுபோல இருக்கிற டப்பாவை நம்பிப் பேசாதே என்று அவன் சொன்னான். சம்பளத்தைக் கொட்டி வாங்கிய பொம்மையை மாட்டிக்கொண்டு ஒருவர் கழிவறை கழிவறையாகத் திரிகிறார் என்று இவர் சொன்னார். முன்பணம் கொடுக்கப் புதன்கிழமைவரை கெடு இருந்தது. கடன் தம்பி பெயரில் வரவேண்டும், எனவே அவன் சம்மதம் இல்லாமல் நடக்காது. இருவரும் என்னைக் கேட்டார்கள். லாத்தா எதையும் எழுதிவைத்துப் பார்க்கிறவள், அவள் சொல்லட்டும் என்று தம்பி சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை கீரனூர் போனேன். மாடித் தரையில் சாக்பீஸால் நாலு திசையும் வரைந்தேன். திசைகாட்டி ஒன்று கொண்டுபோயிருந்தேன். பிறகு டப்பாவை மாட்டினேன். அதைப் பற்றி நல்லதாக எழுத ஒன்றும் இல்லை. மூக்குத்தண்டில் பிளாஸ்டிக் விளிம்பு அறுத்தது. போன் திரையில் இருந்த தூசு ஒவ்வொன்றும் வீட்டுச் சுவரில் பல்லி அளவுக்குத் தெரிந்தது. ஹாலின் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரோ கூப்பிட்டார்கள். சமையலறை மேல் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் முளைத்தன. தலையைத் திருப்பினால் வீடு திரும்பும், ஆனால் ஒரு அடி எடுத்து வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும்; அடுத்த அறைக்குப் போகத் தரையில் தெரியும் வட்டத்தை உற்றுப் பார்க்கவேண்டும். பத்து நிமிடத்தில் போன் நெற்றியைச் சுட்டது.

சோதனை எளிது. கழிவறைக்குள் போய், பீங்கானில் உட்காருகிறவர் எந்தப் பக்கம் பார்ப்பாரோ அந்தப் பக்கம் திரும்பி நிற்பேன். டப்பாவைக் கழற்றி, கால் கட்டைவிரல் சாக்பீஸ் கோட்டில் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறிப்பேன். முதல் முறை வடக்கு. தம்பி மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் அத்தோடு நிறுத்தியிருக்கவேண்டும். ஒரு தரம் பார்த்து எழுதுவது என் வழக்கமில்லை. இரண்டாம் முறை வடமேற்கு. மூன்றாம் முறை மேற்கு. வீடு ஆணி கழன்ற காலண்டர்போலக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருந்தது. மலிவான போன்களில் திசை உணரும் பகுதி நேரம் ஆக ஆக இப்படி விலகிப்போகும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று நான் எழுதியது கண்ணால் கண்டதை மட்டும்.

நாத்தனாரான என்னை அவர் மச்சி என்றுதான் கூப்பிடுவார். என் தோளுக்குப் பின்னாலிருந்து டைரியைப் படித்துவிட்டுச் சொன்னார்:

“விடுங்க மச்சி. அது எங்கிட்டுப் பாத்தா என்ன. கட்டும்போது கொத்தனார்ட்ட சொன்னா திருப்பி வச்சுட்டுப் போறாரு.”

இந்த வாக்கியம் என் டைரியில் இல்லை. அதைக் குறிக்கத் தகுந்ததாக நான் நினைக்கவில்லை. பார்க்கப்போனது திசையை, அதைப் பற்றியது அல்ல இது என்று தள்ளிவிட்டேன். குறிப்பை அப்படியே படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

“பாத்தீங்களா. கடைசியில மேக்கதான வந்து நின்னுச்சு.”

புதன் போயிற்று. அதற்கு மறுவாரம் மனையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

நவம்பர் கடைசியில் தம்பி விடுமுறையில் வந்தான். பெட்டியில் அந்த ஹெட்செட்டும் வந்தது. கீரனூர் மாடியில் அதை ஒரு புதுமாப்பிள்ளையை உட்காரவைப்பதுபோலப் பாயில் வைத்தான். என்ன இருந்தாலும் இதற்குப் பக்கத்தில் உங்கள் டப்பா நிற்க முடியாது என்றான். அது உண்மை. முதலில் முக்கால் மணி நேரம் அப்டேட் ஆயிற்று. பிறகு பாஸ்வேர்டு கேட்டது, தம்பிக்கு நினைவில்லை. அதன்பின் தரையில் எல்லை வரையச் சொன்னது. அந்தச் சிறிய அறையில் கட்டிலும் பீரோவும் போக இடம் போதாது என்று கோபித்துக்கொண்டது. முக்காட்டுக்கு மேல் வார் இறுக்கினால் கனம் முழுக்கக் கன்ன எலும்பில் இறங்கியது. ஆனால் உள்ளே தெரிந்த வீடு நன்றாகத்தான் இருந்தது. தூசு இல்லை. நடந்தால் நடந்தது. குனிந்தால் சமையலறை மேடைக்குக் கீழே சிலிண்டர் வைக்கும் இடம் தெரிந்தது. அரை மணி நேரம் ஆகியும் வீடு ஒரு இம்மி விலகவில்லை.

எனக்கு அதுதான் சந்தேகம் கிளப்பியது. குவைத்தில் எப்படி உட்கார்ந்து பார்த்தாய் என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வி புரியவில்லை. அறையில் திசை எப்படித் தெரிந்தது என்று திருப்பிக் கேட்டேன்.

“தொழுகப் பாயிலதான் உக்காந்து ஆன் பண்ணேன் லாத்தா. அந்த ரூம்ல எனக்குக் கிப்லா மட்டுந்தான் சரியாத் தெரியும். கரெக்டா இருக்கட்டும்னுதான்.”

ஹெட்செட்டை அணைத்தேன். கிழக்கே பார்த்து உட்கார்ந்து மீண்டும் திறந்தேன். வாசலுக்கு வெளியே நான் நிற்பதுபோல வீடு எதிரே வந்தது; நேரே கிழக்கே நடந்து உள்ளே போனால் பீங்கானும் கிழக்கு. அணைத்துத் தெற்கே திரும்பித் திறந்தேன். பீங்கான் தெற்கு. வடக்கு, மேற்கு என்று நாலு முறை செய்தேன். நாலு முறையும் எந்தப் பக்கம் பார்த்து ஆரம்பித்தேனோ அந்தப் பக்கம் வீடு அடக்கமாக வந்து நின்றது. அதற்குத் திசை என்று ஒன்றும் கிடையாது. திறக்கும்போது முகம் எங்கே இருக்கிறதோ அதுதான் முன்பக்கம். பிடரியில் ஒரு வாரும், கையில் ஒரு பொத்தானும், உள்ளே கண்ணாடிபோல் தெளிவும் கொடுத்து, நாம் ஏற்கனவே பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தையே திரும்ப நமக்கு விற்கிற சாமான். என் தம்பி கிப்லாவைப் பார்த்து உட்கார்ந்தான். அவன் பக்தியையே எடுத்துக் கழிவறையாக மாட்டிக் காட்டியிருக்கிறது.

டப்பாவும் இதே பொய்யைத்தான் சொன்னது. தம்பி மனைவி மின்விசிறிக்குக் கீழே வடக்கே பார்த்து உட்காருவது வழக்கம். அதனால்தான் அவருக்கு வடக்கு; ஆகஸ்டில் நானும் அங்கேயே உட்கார்ந்து திறந்ததால் எனக்கும் முதலில் வடக்கு. ஆனால் டப்பா தன் பொய்யில் நிலைத்து நிற்க முடியாமல் நகர்ந்தது, நகர்ந்ததால் மாட்டிக்கொண்டது. மற்றது நகரவில்லை. எது மேல் என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்: ஒரு வீட்டைத் தீர்மானிக்க இரண்டையும் தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டும் என்றால், மூக்கை அறுப்பதையே எடுங்கள். அதை யாரும் முழுதாக நம்பமாட்டார்கள்.

நாலு குறிப்பையும் தம்பியிடம் காட்டினேன். அவன் நெடுநேரம் படித்தான். சாப்ட்வேர் அப்படிப் போல என்றான். பிறகு ஹெட்செட்டை அதன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது, அதில் பாதிக்குத்தான் அவன் உரியவன் என்பதும் தெரிந்தது.

அவன் மனைவி அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். டைரியை எடுத்துக்கொண்டு போனேன். நான் செய்தது என்ன, கண்டது என்ன என்று சொன்னேன். வருத்தம் தெரிவிப்பதுதான் நோக்கம், ஆனால் அது நேரப்பட்டியலாகத்தான் வாயில் வந்தது. அவர் சிவப்புப் பேனாவை மூடாமலே ஆகஸ்ட் பக்கத்தையும் நவம்பர் பக்கத்தையும் பார்த்தார்.

“நீங்க போட்ட நேரமெல்லாம் சரிதான் மச்சி. கணக்குத்தான் வேற. கக்கூஸு எங்கிட்டுப் பாக்குதுன்னு மூணு பேரு பாத்தீங்க. இவளுக்கு வீடு வேணுமான்னு ஒருத்தரும் பாக்கல.”

மூன்று பேர் என்று அவர் தன்னையும் சேர்த்துச் சொன்னாரா, கருவிகளில் ஒன்றைச் சேர்த்துச் சொன்னாரா என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் அவர் அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டார். அதற்குப் பின் நான் போகிற நாட்களில் டீ வரும், பேச்சு வராது. தம்பி ஜனவரியில் குவைத் திரும்பினான். அவர் இன்றும் அதே மாடியில்தான் இருக்கிறார்.

மூலை மனையில் வீடு எழும்பிவிட்டது. திருச்சி பஸ்ஸில் போனால் இடப்பக்கத்து ஜன்னலில் தெரியும். அவர் தினமும் வலப்பக்கம் உட்காருவதாகத் தம்பி ஒருமுறை சொன்னான். வாசல் தெற்கே இருக்கிறது. இதை நான் ரோட்டில் இறங்கி நின்று, திசைகாட்டி வைத்தே பார்த்தேன். மாதிரிப்படி கட்டியிருந்தால் பீங்கான் வடக்கு பார்க்க வேண்டும். மாதிரிப்படி கட்டினார்களா, வாங்கியவர்கள் கொத்தனாரிடம் சொல்லி மாற்றினார்களா என்பது தெரியவில்லை. உள்ளே போய்ப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. கழிவறையின் திசை, இதை எழுதும் நாள்வரை, சரிபார்க்கப்படவில்லை.