வெறுமையாகக் கிடந்த ஹோட்டல்

இன்று மகள் என்னை ஒரு சின்னக் கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போனாள். ஒஸ்லோவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். என் அறுபதாவது பிறந்தநாள் பரிசாக, அங்குள்ள ஹோட்டலில் ஒருநாள் ஸ்பா.

எந்த ஹோட்டல் என்று வாசலில்தான் தெரிந்தது. எண்பதுகளின் கடைசியில், இலங்கையிலிருந்து வந்த எங்களுக்கு அரசு தந்த அகதி முகாம் அதுதான். மகளிடம் சொன்னேன். அவள் முகம் கறுத்துவிட்டது.

உள்ளே, ஊர் வரலாற்றுச் சங்கத்து அம்மா ஒருவர் விருந்தினருக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார். நூறு வருடத்துக்கு முன் கடல் குளிக்கக் கப்பலில் வந்த சீமாட்டிகள், ஓவியர்கள், அவர்கள் ஆடிய மண்டபம். எங்களுக்கு அது சாப்பாட்டுக்கூடம்.

"எண்பதுகளில்?" என்று கேட்டேன்.

கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அப்போது ஹோட்டல் வெறுமையாகக் கிடந்தது."

"அப்பா, நீங்கள் இஞ்சை இருந்தனீங்கள் எண்டு சொல்லுங்கோவன்," என்றாள் மகள்.

நான் மற்றப் பக்கம் திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே, கடலுக்குள் நீளும் மரப்பாலம் தெரிந்தது. என் அறைத்தோழன் குகன், வதிவிட அனுமதி இல்லை என்று கடிதம் வந்த மறுநாள் அதிலிருந்து கடலில் இறங்கினான். திரும்பி ஏறவில்லை. அவன் செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவுக்குச் சோறும் மீன்குழம்பும் ஒரு சிகரெட்டும் அந்தப் பலகையில்தான் படைத்தோம். ஊர்ச்சனம் கரையில் நின்று பார்த்தது. அந்த அம்மாவும் நின்றிருக்கலாம், வயது சரிவரும்.

அந்த வெறுமையான ஹோட்டலில் இருந்தவர்கள் இதை வாசித்தால், கீழே உங்கள் அறை இலக்கத்தைப் போடுங்கோ.

நான் தொடங்குகிறேன்: பதினான்கு. இரண்டு பேர்.