ஏழாவது குதிரைக்காரர்

லிஃப்ட் மெக்கானிக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்தவர். சொல்வது நானில்லை, அவர் மனைவி. முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவள் சொன்னால் நம்பித்தானே ஆகவேண்டும்? பஸ் நிறுத்தத்தில் மூன்று நிமிஷம் நின்றுவிட்டால் போதும், அடுத்த நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுவார். பாதி வழியில் பஸ் அவரைத் தாண்டிக்கொண்டு போகும். எத்தனை தடவை பட்டாலும் புத்தி வராது.

வேலையில் மட்டும் இந்தக் குணம் அவருக்குச் சோறு போட்டது. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று போன் வந்தால், மற்றவர்கள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் இவர் மொட்டை மாடியில் மோட்டார் அறைக்குள் இருப்பார். பிறகு இறங்கி வந்து, கதவிடுக்கில் வாயை வைத்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் எதையும் அழுத்தாதீர்கள், பொறுமையாக இருங்கள் என்பார். சொல்கிற ஆளைப் பாருங்கள்.

இப்படிப்பட்டவர்தான் தன் ஒரே மகளின் வேலையைக் கெடுத்தார். கட்டட வரைபடம் போடுகிறவள் அவள். பெரிய கம்பெனி ஒன்றில் நேர்முகத் தேர்வு முடித்துவிட்டு வந்தாள். இரண்டு வாரத்தில் சொல்கிறோம் என்றார்கள். இரண்டு வாரம்! ஐந்தாம் நாளே இவர் அவளுக்குத் தெரியாமல் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டார். ஏழாம் நாள் ஒன்று, ஒன்பதாம் நாள் ஒன்று. ஒன்பதாம் நாள் மேலதிகாரியையே பிடித்து, என் பெண் தங்கமான பெண், கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று குழைந்திருக்கிறார். பத்தாம் நாள் வேலை இல்லை என்று கடிதம் வந்தது. இவர் போன் போட்டதால்தான் போயிற்றா என்பது யாருக்குத் தெரியும்? ஆனால் விஷயம் மகள் காதுக்கு எட்டியது. அன்றோடு பேச்சை நிறுத்தினாள்.

ஒரு வார்த்தை, தப்புதான் என்று சொல்லியிருக்கலாம். பெற்றவன் விசாரித்தால் குற்றமா என்று திருப்பிக் கேட்டார் மனுஷன். மூன்று மாதம் ஓடிவிட்டது. நடுவில் கிடந்து அல்லாடியவள் அம்மாதான். அப்பா ரொம்ப வருத்தப்படுகிறார் என்று மகளிடம் சொல்வாள். அவளுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று இவரிடம் சொல்வாள். இரண்டும் பொய். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

இப்போது மகளுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, ரயிலில் இரண்டு நாள் தூரத்தில். மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். கம்பெனியின் பெயர் என்ன, எங்கே தங்கப் போகிறாள், எதையும் அப்பாவுக்குச் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். புது போன் நம்பர் உட்பட. பெட்டிகளெல்லாம் ஏற்கெனவே தோழி வீட்டுக்குப் போய்விட்டன. அம்மா கெஞ்சிக் கூத்தாடி, கடைசியாக ஒரு நாள் மூன்று பேரும் வெளியே போவோம் என்று சம்மதிக்க வைத்தாள். நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு பெரிய பூங்கா. காட்டு வழியில் குதிரைமேல் ஒன்றேகால் மணி நேரம் கூட்டிப்போவார்கள். சவாரி முடிந்ததும் தோழியின் கார் வாசலுக்கு வந்து மகளை ஏற்றிக்கொள்ளும். அதற்குமேல் அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

வரும்போது காரில் அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். ஆக, கையிலிருப்பது ஒன்றேகால் மணி நேரம். அதற்குள் அவள் வாயிலிருந்து ஒரு பேச்சு வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் பெண் எங்கே இருக்கிறாள் என்றே தெரியாத அப்பனாகிவிடுவோம் என்ற பயம் அவருக்கு. பக்கத்தில் பக்கத்தில் குதிரையை விட்டுக்கொண்டு மெல்லப் பேச்சைத் தொடங்கலாம் என்று காரில் வரும்போதே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

லாயத்தில் அந்தக் கணக்கு கவிழ்ந்தது. பாதை ஒற்றையடிப் பாதை. வழிகாட்டிப் பெண் எல்லோரையும் ஏற இறங்கப் பார்த்தாள். ஒல்லியான மகளைத் தன் பின்னாலேயே இரண்டாவதாக ஏற்றினாள். அடுத்து அம்மா, பிறகு புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, லீவு போட்டு வந்த ஒரு பல் டாக்டர். மெக்கானிக்கின் எடைக்கு மலை மாதிரி ஒரு குதிரைதான் தாங்கும். அது எப்போதும் கடைசி. நான் என் பெண் பின்னால் வருகிறேனே என்று கேட்டுப் பார்த்தார்.

"வரிசைய நாங்க போடலைங்க. குதிரைங்களே போட்டுக்கிட்டது. மாத்தினா ஒண்ணை ஒண்ணு ஒதைக்கும்" என்றாள் அவள்.

கிளம்பிய பத்தாவது நிமிஷமே இவர் குதிகாலால் குதிரையின் விலாவைத் தட்ட ஆரம்பித்தார். அது நாலடி வேகமாக எட்டிவைத்து டாக்டருடைய குதிரையின் வாலில் மூக்கை இடித்தது. முன்குதிரை காதை மடக்கிக்கொண்டு பின்னங்காலைத் தூக்கியது. மொத்த வரிசையும் நின்றது. வழிகாட்டி முன்னாலிருந்து சத்தம் போட்டாள். மறுபடி கிளம்பினார்கள், மறுபடி இடித்தார், மறுபடி நின்றார்கள். மூன்றாவது தடவை புது மாப்பிள்ளை திரும்பி முறைத்தே விட்டான். மகள் மட்டும் திரும்பவில்லை. மரங்களுக்கிடையே அவளுடைய தொப்பி தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. மணி ஓடிக்கொண்டிருந்தது.

பாதி வழி தாண்டியதும் அவரால் முடியவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு, அப்பாவுக்குப் பேசவேண்டுமாம் என்று முன்னால் சொல்லி அனுப்பச் சொன்னார். டாக்டர் மாப்பிள்ளையிடம் சொன்னார், மாப்பிள்ளை பெண்டாட்டியிடம், அவளிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து மகளுக்குப் போயிற்று. பதில் அதே வழியாகத் திரும்பி வந்தது. பேசுவதற்கு ஒன்றுமில்லையாம்.

குதிரையின் பிடரி மயிரைக் கோதிக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தார். பிறகு, "டாக்டர், தப்பு என்னோடதுதான்னு சொல்லுங்க" என்று முணுமுணுத்தார்.

"சரியா கேக்கலை. வாயைத் திறந்து சொல்லுங்க."

வேலைப் புத்தி போகுமா அந்த டாக்டருக்கு. மெக்கானிக் சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டில் நாலு சுவருக்குள் சொல்லாததை நடுக்காட்டில் முன்பின் தெரியாதவர்கள் காதில் போட வேண்டியிருக்கிறதே என்று கூசிப்போனார். ஆனாலும் சொன்னார். "தப்பு என்னோடது. நான் போன் பண்ணியிருக்கக் கூடாது. அவ வேலை என்னாலதான் போச்சு."

டாக்டர் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். மாப்பிள்ளை முறைப்பை விட்டுவிட்டு அக்கறையாகவே சொன்னான். அவன் பெண்டாட்டி சொல்லும்போது குரல் கம்மியது. அம்மா திரும்பிப் புருஷனைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் மகளிடம் சொன்னாள்.

மகள் நம்பவில்லை. "அம்மா, இது நீயா சேத்துச் சொல்றதுதானே?"

அம்மா பாவம், இத்தனை நாள் சொன்ன பொய்க்கு இப்போது மாட்டிக்கொண்டாள். அவள் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து புதுப்பெண்ணே குரல் கொடுத்தாள். "இல்லக்கா. அவரேதான் சொன்னாராம். எங்க வழியாதான் வந்துச்சு." மாப்பிள்ளை ஆமாம் என்றான். டாக்டர் கையைத் தூக்கினார்.

மரங்கள் குறைந்து தூரத்தில் லாயத்தின் கூரை தெரிந்தது. மெக்கானிக்குக்குக் கை அரித்தது. என்ன சொன்னாள் என்று கேட்கலாமா? இன்னொரு தடவை சொல்லி அனுப்பலாமா? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினார்.

வேலி வாசலை நெருங்கும்போது பதில் புறப்பட்டது. ஒவ்வொரு வாயாக மாறி டாக்டரிடம் வந்து சேர்ந்தது. அவர் சேணத்தில் திரும்பி உட்கார்ந்தார்.

"நம்பர் தரமாட்டாங்களாம். நீங்க தேடிக் கண்டுபிடிக்கவும் கூடாதாம். ஒரு ஞாயித்துக்கிழமை அவங்களே கூப்பிடுவாங்களாம். அதுவரைக்கும் காத்திருக்கணுமாம்."

எந்த ஞாயிறு? வருகிற ஞாயிறா, அதற்கடுத்ததா? காலையிலா, சாயங்காலமா? அத்தனையும் அவர் உதட்டில் வந்து முட்டின. டாக்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதாவது கேக்கணுமா?"

"இல்ல டாக்டர்" என்றார். "சரின்னு மட்டும் சொல்லுங்க."