ஷம்ஷாத் சமைத்த பழுப்பரிசிச் சோறு

செய்தி வந்தபோது நான் பாட்டில் மூடிகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். திருபுவனையில் எங்கள் தொழிற்சாலை செய்வது மூடிகள் மட்டும்தான். அவற்றைத் திருகிப் பார்த்து பாஸ், ரிஜெக்ட் என்று சொல்வது என் வேலை. பேக்கிங் பிரிவிலிருந்து செல்வி ஓடிவந்து, “மேடம், ஷம்ஷாத் அக்கா போயிட்டாங்களாம்” என்றாள். சரி என்றேன். கையிலிருந்த மூடியைத் திருகி முடித்தேன். தட்டில் மீதமிருந்தவற்றையும் முடித்தேன். பிறகுதான் உட்கார்ந்தேன். அன்று மாலைக்குள் வில்லியனூரில் அடக்கம் நடந்துவிட்டது. எனக்கு இன்றுவரை அழுகை வரவில்லை. இதைக் குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை.

தொழிற்சாலையில் இருக்கும் உங்களில் பலர் ஷம்ஷாத்தைச் சாமான் கொடுக்கும் ஸ்டோர்ஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பீர்கள். புதுக் கையுறை கேட்டுப் போனால், “பழச காட்டுபா மொதல்ல” என்று மிரட்டும் குரல் உங்களுக்கு நினைவிருக்கும். நான் அவரை அறிந்தது கேன்டீனில், மதிய வேளையில், எதிர் நாற்காலியில்.

ஒருநாள் அவர் டப்பாவைத் திறந்தபோது உள்ளே தவிடு நீக்காத பழுப்பரிசிச் சோறு இருந்தது. அவர் கணவர் கபூர் பாய்க்குச் சர்க்கரை ஏறிவிட்டது, அரிசியை மாற்றச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வில்லியனூரில் செருப்புக்கடை வைத்திருக்கும் பாய் ஒரு வாய் வைத்துவிட்டு, “இன்னா இது, கோழிக்குப் போடறதா?” என்று தட்டைத் தள்ளிவிட்டாராம். மிச்சம்தான் டப்பாவில் வந்திருந்தது.

“கறியோட சேத்து ஆக்கிக் குடுங்களேன், சாப்பிடுவாரு” என்றாள் செல்வி.

“போடி. கறி போட்டா கறிய பொறுக்கித் தின்னுட்டு சோத்த ஒதுக்கிடுவாரு. பொடியும் கீரையும்னா சோத்துல ஒட்டிக்கும். பொறுக்க முடியாது.”

நான் சைவம். அதனால் அந்தத் திட்டத்தில் எனக்கும் ஒரு வேலை வந்து சேர்ந்தது. பாய்க்குப் போவதற்கு முன் ஒவ்வொரு வகையும் எங்கள் மேசைக்கு வரத் தொடங்கியது.

அரிசியை மாற்றினால் சர்க்கரை ஓடிவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதையும் சொன்னேன். பழுப்பரிசியும் அரிசிதான், எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதைப் பாருங்கள் என்றேன். ஷம்ஷாத் கோபப்படவில்லை. “நீங்க சொல்றது சரி மேடம். ஆனா வூட்டு சோறு ருசியில்லன்னு வைங்க, மூலக்கடை பரோட்டாவுக்கு நடையைக் கட்டிடுவாரு. அத எந்த டாக்டர் தடுப்பாரு?” என்றார்.

முதலில் வந்த வேர்க்கடலைப் பொடிச் சோறு தொண்டையில் நின்றது. “பாஸா, ரிஜெக்டா மேடம்?” என்றார். ரிஜெக்ட் என்றேன். செல்வி என் காலை மேசைக்கடியில் மிதித்தாள். மறுவாரம் அரிசியை நன்றாக ஊறவைத்து, ஆவி அடங்கிய பிறகும் சிறிது நேரம் மூடியே வைத்து, சூட்டோடு நல்லெண்ணெய் விட்டுக் கிளறிக்கொண்டு வந்தார். அது தொண்டையில் இறங்கியது. பிறகு சிவக்க வறுத்த தேங்காய்த் துருவல். பூண்டு நசுக்கிப் போட்ட முருங்கைக்கீரை. மாங்காய்க் காலத்தில் துருவிய மாங்காயும் அவித்த கொண்டைக்கடலையும். எலுமிச்சையை ஒருமுறை கொதிக்கும் சோற்றில் பிழிந்துவிட்டார், கசந்தது. “சூடு ஆறட்டும்னு இருக்கத் தெரியல எனக்கு” என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஒருநாள் வந்து, “நேத்து ரெண்டாவது வாட்டி கேட்டாரு மேடம், நான்தான் போடல” என்றார். அன்று அவர் நடையே வேறாக இருந்தது.

அதன் பிறகு நோய் வந்தது. எந்த நோய், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. சிகிச்சை அவருடைய நாக்கின் ருசியை எடுத்துவிட்டது. எதைத் தின்றாலும் இரும்புச் சாவியைச் சப்புவது போல இருக்கிறது என்றார். உடம்பு இடம்கொடுத்த நாட்களில் வேலைக்கு வந்தார், டப்பாவும் வந்தது. மற்றவர்கள் ஒரு வாய் தின்றதும், “சூப்பர்க்கா!” என்றார்கள். அவர் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

“இவங்கல்லாம் என் மூஞ்சியப் பாத்து சொல்றாங்க. நீங்க சோத்தப் பாத்து சொல்லுங்க. என் நாக்கு லீவுல போயிடுச்சு.”

சொன்னேன். உப்பு கம்மி, காரம் தூக்கல், அடி பிடித்த வாசனை வருகிறது. நோயாளியிடம் இப்படியா பேசுவது என்று சிலர் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். அவர் கேட்டதை நான் கொடுத்தேன். வேறு எப்படி நடந்துகொள்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

சில வாரங்களில் டப்பாவில் சேர்மானங்கள் குறையத் தொடங்கின. கீரை போனது. தேங்காய் போனது. முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். காரணம் அது அல்ல. “ஆய வேண்டியது, துருவ வேண்டியது எல்லாத்தையும் கழிச்சிட்டேன் மேடம். வறுத்த கடலய துணியில முடிஞ்சி நசுங்க ஒரு தட்டு தட்டினா போதும். எண்ணெய், எலுமிச்சம்பழம், கொத்தமல்லி. அவரு அடுப்பே பத்தவெச்சதில்ல. இது அவருக்கு வரும்ல?”

அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. ஒருமுறை போனில், “நாலு நாளா சொல்லித் தரேன், உப்பையே மறக்குறாரு மனுஷன்” என்று சிரித்தார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், முதல் நாளே சொல்லிவிட்டு, அவர் வீட்டுக்குப் போனேன். உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் கொண்டுவந்த பிரியாணித் தவலைகள் கூடத்தில் இருந்தன. பாய் எதையும் தொடவில்லை என்றார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. “அண்ணே, நீ ஏன் அடுப்பாண்ட நிக்கற? வூட்ல இவ்ளோ சோறு இருக்குதே” என்று அவர் தங்கை கேட்பதும் கேட்டது.

“அந்த மேடம் கறி சாப்பிட மாட்டாங்கம்மா. காலையிலயே ஊறப்போட்டுட்டேன்.”

இரண்டு தட்டுகளோடு வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றதோடு எதிரில் உட்கார்ந்தார். நான் ஒரு வாய் தின்னும்வரை அவர் கை வைக்கவில்லை.

“எப்படி இருக்கு மேடம்?”

வீடு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். “உப்பு சரியா இருக்கு பாய். எலுமிச்சம்பழத்த சூட்டுலயே பிழிஞ்சிட்டீங்க. லேசா கசக்குது” என்றேன். அவர் தங்கை என்னை முறைத்தார். பாய் தலையாட்டினார்.

“ஆறட்டும்னு சொல்லித்தான் குடுத்தா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

பிறகு தட்டைக் காலி செய்தார். நானும் காலி செய்தேன்.

ஷம்ஷாத்திடமிருந்து என்னிடம் தங்கியிருப்பதைக் கேட்டால், ஊறவைத்த ஒரு ஆழாக்கு அரிசியும் ஆறும்வரை காத்திருப்பதும்தான். பெரிதாக எதுவும் சொல்லத் தோன்றவில்லை. போன வாரம் அதையே சமைத்து எடுத்துக்கொண்டு போனேன். கடலை, நல்லெண்ணெய், எலுமிச்சை, கொத்தமல்லி எல்லாம் சரியாகவே சேர்த்திருந்தேன். டப்பாவைச் செல்வியின் பக்கம் நகர்த்தினேன். ஒரு வாய் தின்றுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“சூப்பர் மேடம்” என்றாள்.

பாதி சாப்பிட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் உப்பே போடவில்லை.