ஒரு மூடிப் பெற்றோல்

கோப்பாய்த் தையல்கார இராசமலருக்கு ஜீப் விசர் பிடித்தது ஒரு கோழியால்தான். வெள்ளைப் பேடு எங்கே முட்டை இடுகிறது என்று வளவெல்லாம் தேடித் திரிந்தவள், கடைசியில் கிடுகு மூடிக் கிடந்த பழைய ஜீப்பின் பொனற்றைத் தூக்கினாள். மூன்று முட்டையும் அங்கேதான் இருந்தன. ஆனால் அவள் முட்டையை எடுக்கவில்லை. உள்ளே இருந்த இரும்பைக் குனிந்து பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்பில் சோறு கரிந்து மணம் வந்த பிறகுதான் ஆளுக்கு நினைவு திரும்பியது.

அது தொண்ணூற்றிரண்டு தை மாதம். பெற்றோலும் பற்றறியும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வராமல் அரசாங்கத்தின் போர்க்காலத் தடை இறுக்கிப் பிடித்திருந்த காலம். மற்றவர்கள் ஓடுகிற காரையே கொட்டிலுக்குள் ஏற்றிவிட்டுச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோது, இவள் ஓடாத ஜீப்பை வெளியே எடுக்க வெளிக்கிட்டாள் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

ஜீப் அவளுடைய தகப்பன் நமசிவாயத்தினுடையது. சேறு, மணல் என்று பாராமல் பூநகரி வயலுக்கு ஓடித் திரிந்த வண்டி. அவர் போய்ப் பத்து வருடம். இப்போது அது இராசமலருக்கும் தமையன் சண்முகநாதனுக்கும் பொது.

முப்பத்தாறு வயதுவரை இராசமலர் தையல் மெசினைத் தவிர வேறு எந்த இயந்திரத்தையும் கழற்றியதில்லை. அது போதாதா என்று அவள் நினைத்தாள். காபரேற்றரின் அடைத்த துவாரங்களை மெசின் ஊசியால் குத்தித் துப்புரவாக்கினாள். எஞ்சின் ஒழுகாமல் இடையில் வைக்கிற காஸ்கற் கிழிந்துபோயிருந்தது; அதைக் காகிதத்தில் படி எடுத்து, கொலர் வெட்டுகிற கத்தரிக்கோலாலேயே தடித்த கலண்டர் மட்டையில் புதிது வெட்டிப் பூட்டினாள். ரியூப் நாலுக்கும் சைக்கிள் ஒட்டுப் போட்டாள். பற்றறிக்கு என்ன செய்தாள் என்கிறீர்களா? புருசன் தியாகலிங்கம் இரவில் றேடியோச் செய்தி கேட்க வைத்திருந்த கார்ப் பற்றறியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"இஞ்சேர், உலகத்திலை என்ன நடக்குதெண்டு நான் எப்பிடி அறியிறது?" என்று அந்த மனுசன் கேட்டார்.

"வளவுக்குள்ளை நடக்கிறதை முதல் பாருங்கோ" என்றாள் இவள்.

ஒவ்வொரு நட்டும் கழலும்போது அவளுக்குள் ஒரு குதூகலம். நகத்துக்குள் கிறீஸ், சட்டையில் கறுப்பு, முகத்தில் சிரிப்பு. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்துப் பாடிக்கூட இருக்கிறாள். இவ்வளவு சந்தோசம் இரும்புக்குள் கிடக்கிறதென்று ஒருவரும் முன்னமே சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

பங்குனிக் கடைசியில் சண்முகநாதனின் மாட்டுவண்டில் அச்சு முறிந்தது. தோட்டத்தில் வெங்காயம் முற்றி நின்றது. அவர் நேரே தங்கச்சியிடம் வந்தார்.

"பிள்ளை, நான் சுத்தி வளைச்சுக் கதைக்கேல்லை. உந்த ஜீப்பின்ரை அச்சும் சில்லும் எனக்கு வேணும். வண்டிலுக்குப் பூட்டினால்தான் வெங்காயம் சந்தைக்குப் போகும்."

"அண்ணை, இது ஓடும்."

"எப்ப?"

"கெதியிலை."

"வெங்காயம் கிண்டி முடியுமட்டும் பாப்பன். அதுக்குள்ளை ஓடினால் ஓடட்டும். இல்லாட்டி வெட்டுறதுதான்."

அவரைப் பிழை சொல்லவும் இராசமலருக்கு வாய் வரவில்லை. வெங்காயம் அழுகினால் அந்த வீட்டில் உலை ஏறாது. ஆனால் ஜீப்பை வெட்டுவதென்றால் தன்னையே வெட்டுவதுபோல் இருந்தது அவளுக்கு.

அவளிடம் இருந்தது அரைப் போத்தல் பெற்றோல், ஒரு கலியாணச் சட்டை தைத்ததற்குக் கூலியாக வந்தது. அப்போது எல்லா இயந்திரமும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. துவக்க மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல் வேண்டும். தோட்டத்துத் தண்ணீர்ப் பம்புக்குப் போத்தல் மூடியால் ஒரு மூடி ஊற்றி இழுப்பார்கள். அது படபடத்துச் சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு அது. ஜீப்புக்கு எவ்வளவு என்று யாரிடம் கேட்டாலும், "ஒரு மூடி போதும்" என்றார்கள்.

இவளும் காபரேற்றருக்குள் ஒரு மூடி ஊற்றினாள். தியாகலிங்கம் முன்னால் எஞ்சினைத் துவக்குகிற இரும்புக் கைபிடியைப் போட்டுச் சுற்றினார். ஜீப் உறுமியது! அவள் துள்ளி எழும்பி மண்ணெண்ணெயைத் திறந்தாள். ஜீப் இருமி, வெள்ளைப் புகை கக்கி, செத்துப் போனது. பிளக்கைக் கழற்றித் துடைத்தாள். மறுபடியும் ஒரு மூடி, மறுபடியும் சாவு. இப்படியே இரண்டு கிழமை. போத்தலில் கால்பங்குதான் மிஞ்சியது.

வெங்காயம் கிண்டி முடிந்த மறுநாள் விடிய, சண்முகநாதன் வந்தார். கூடவே குருநகரில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிற கிறகோரி, இரும்பு அறுக்கிற வாளோடு வந்திருந்தார்.

"அண்ணை, இன்னும் ஒருக்கால்."

"எத்தினை ஒருக்கால் பிள்ளை? பன்ரண்டு சாக்கு கட்டி வைச்சிருக்கிறன்."

"ஒருக்கால்தான் எண்டுறன்!"

அவள் ஒரு மூடி ஊற்றினாள். தியாகலிங்கம் சுற்றினார். ஜீப் உறுமியது, திறந்தாள், செத்தது. கிறகோரி பெருமூச்சு விட்டபடி வாளை எடுத்தார். இராசமலருக்கு வந்த ஆத்திரத்தில் எஞ்சினின் தலையிலேயே ஓங்கி ஒரு அடி வைத்தாள். கை சுடவில்லை.

அப்படியே நின்றாள். மறுபடியும் கையை வைத்துப் பார்த்தாள். பம்பென்றால் இந்நேரம் கை கொப்பளித்திருக்கும். இது அடுப்பேறாத சட்டிபோலக் குளிர்ந்து கிடந்தது.

"அட கோதாரி!" என்று கத்தினாள். "இவ்வளவு நாளும் பச்சைப்பிள்ளையின்ரை அளவெடுத்துப் பெரிய மனுசனுக்குச் சட்டை தைச்சிருக்கிறன்! இவ்வளவு இரும்பு ஒரு மூடியிலை எப்பிடிச் சுடும்?"

"அதுக்கு?" என்றார் தமையன்.

"முழுக்க ஊத்தப் போறன்."

"எடி விசரி! காப்போத்தல் பெற்றோல்! போனால் போனதுதான்!"

"போகட்டும் அண்ணை. வாளாலை போறதைவிட நெருப்பிலை போகட்டும்."

ஆசுபத்திரியில் கழித்த சேலைன் குழாயொன்று அவளிடம் இருந்தது. அதைச் செருகிப் பெற்றோல் போத்தலைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாள். கிறகோரி வாளை எறிந்துவிட்டு வந்து தியாகலிங்கத்தைத் தள்ளி நிறுத்தினார்.

"விடு தம்பி, வள்ளம் இழுக்கிற கை இது."

இரண்டே சுற்று. ஜீப் பிடித்தது. ஓடியது. பெற்றோல் இறங்க இறங்க எல்லோருடைய கண்ணும் போத்தலிலேயே இருந்தது. வருடக்கணக்காகச் சொட்டுச் சொட்டாய்ப் பார்த்த சனம் அல்லவா! சண்முகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிச் சொட்டு குழாய்க்குள் இறங்கும்வரை இராசமலர் அசையவில்லை. பிறகு எஞ்சினில் கையை வைத்தாள். "ஆ!" என்று கையை உதறிக்கொண்டே மண்ணெண்ணெயைத் திறந்தாள்.

ஒருதரம் இருமியது. இரண்டுதரம் இருமியது. பிறகு வளவே அதிர ஓடியது. வெள்ளைப் பேடு கத்திக்கொண்டு மதிலேறிப் பறந்தது. இராசமலர் அழுதாள், சிரித்தாள், தியாகலிங்கத்தின் வெள்ளைச் சட்டையில் கறுப்புக் கையால் அடித்தாள்.

"சரி, ஓடுது. ஒத்துக்கொள்ளுறன். நிப்பாட்டு" என்றார் சண்முகநாதன்.

"நிப்பாட்டினால் பிறகு எழும்பாது அண்ணை! பெற்றோல் முடிஞ்சுது! வெங்காயத்தை ஏத்துங்கோ!"

அவருக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது தலையில் ஒரு சாக்கு, கையில் தன் பம்புக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கலன். அவள் கேட்காமலே அதை ஜீப்புக்குள் ஊற்றினார். பன்னிரண்டு சாக்கும் ஏறின.

"பிறேக் இருக்கோ?" என்று ஏறி இருந்தபடி கேட்டார்.

"இருக்கு. ஒருக்கால் மிதிச்சால் பிடியாது, மூண்டுதரம் மிதிக்கவேணும்."

"முருகா!" என்றார் அவர்.

ஓடாத ஜீப்பில் இருந்தபடியே கியர் மாற்றப் பழகியவள், உரும்பிராய்ச் சந்தியை இரண்டாம் கியரிலேயே கடந்தாள். சைக்கிள்காரர் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். இராசமலர் ஓயாமல் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.

மருதனார்மடம் சந்தையில் எஞ்சின் ஓட ஓடவே சாக்குகளை இறக்கினார்கள். இராசமலர் வெங்காயம் நிறுக்கப் போனாள். சண்முகநாதன் அக்சிலேற்றரில் கால் வைத்தபடி காவல் இருந்தார். சனம் ஜீப்பைச் சுற்றி மொய்த்தது. ஒருவர் சுவிச்சுப் பக்கம் கையை நீட்ட, இவர் சீறினார்.

"தொடாதையுங்கோ!"

"ஏன் சண்முகநாதன், உன்ரை ஜீப்போ?"

தராசுக்குப் பக்கத்தில் நின்ற இராசமலருக்கு அது கேட்டது. பாதி பங்கு அவருடையதுதானே, ஓம் என்று சொன்னாலும் குறையில்லை.

"இல்லை" என்றார் சண்முகநாதன், எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்தி. "என்ரை தங்கச்சியின்ரை."